மாணவரும் செல்போனும்: வேதத்தில் மூன்று பாடங்கள்

வேதபகுதி: தானியேல் 1:3-20, லூக்கா 10:30-37, 1 சாமுவேல் 18:6-9



2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டன. நம்முடைய ஜவ்வாது மலையில் அநேக வீடுகளில் செல்போன் பிள்ளைகளின் கைக்கு வந்தது பாடம் படிப்பதற்காகத்தான். பிறகு பள்ளிகள் திறந்தன. ஆனாலும் செல்போன் கையைவிட்டு இறங்கவில்லை. இன்றைக்கு அதில் பாடம் கொஞ்சம், ரீல்ஸ்தான் அதிகம். "ஐயா, செல்போன் வச்சிருக்கிறது பாவமா?" என்று வாலிபப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறாங்க. அரிவாள் பாவமா? அது சாமைக் கதிரையும் அறுக்கும், பிடிக்கத் தெரியாதவன் விரலையும் அறுக்கும். ஆகையால் மூன்று காரியங்களைத் தியானிப்போம்.

1. படிப்பு: தானியேலின் தீர்மானம்

தானியேல் பாபிலோனில் மூன்று வருஷம் படித்த மாணவன். அந்நிய தேசத்து எழுத்தையும் பாஷையையும் அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ராஜாவின் மேஜையிலிருந்து வந்ததையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளவும் இல்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று முதலிலேயே இருதயத்தில் தீர்மானித்துவிட்டான்.

நம் மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. 1986-ல் அதற்கு வைனு பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள். அதை ஏன் பட்டணத்தில் வைக்காமல் இந்த மலையில் வைத்தார்கள்? தெருவிளக்கின் வெளிச்சம் பரவினால் தூரத்து நட்சத்திரம் தெரியாது. பிள்ளையின் மனசும் அப்படித்தான். நிமிஷத்துக்கு நிமிஷம் ஒரு வெளிச்சம் மின்னினால், ஆழமான பாடம் மறைந்துபோகும்.

2017-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். எல்லாருடைய போனும் சத்தமில்லாமல்தான் இருந்தது. ஆனாலும் போனை மேஜைமேல் வைத்தவர்களைவிட, அடுத்த அறையில் வைத்தவர்கள் நன்றாய்ச் செய்தார்கள். பாருங்கள், தொடாத போனும் மனதை இழுக்கிறது!

2. இரக்கம்: சமாரியன் கிட்டே வந்தான்

குற்றுயிராய்க் கிடந்தவனை ஆசாரியனும் பார்த்தான், லேவியனும் பார்த்தான், சமாரியனும் பார்த்தான். மூன்று பேருக்கும் கண் இருந்தது. ஒருவன்தான் கிட்டே வந்தான்.

ஒரு தாயார் என்னிடம் சொன்னாங்க: "ஐயா, கொல்லையில வழுக்கி விழுந்து, காலை இழுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கல. போன்ல எவனோ விழுறதைப் பார்த்துச் சிரிச்சிக்கிட்டு இருந்தான்." அந்தப் பிள்ளை கெட்டவன் அல்ல. ஆனால் ஒரு நாளில் நூறு பேருடைய வேதனையை விரலால் தள்ளித் தள்ளி, பார்த்துவிட்டு விலகிப்போக அவன் கண் பழகிவிட்டது.

பழகினது மாறுமா? மாறும். கலிபோர்னியாவில் 51 பள்ளிப் பிள்ளைகள் 5 நாள் டிவி, செல்போன் இல்லாமல் ஓர் இயற்கை முகாமில் தங்கினார்கள். அதன்பின் மற்றவர் முகத்தைப் பார்த்து மனநிலையைப் புரிந்துகொள்வதில் அவர்கள் தேறினார்கள் என்று 2014-ல் வெளியான ஆய்வு சொல்லுகிறது. 5 நாளில் இந்த மாற்றம்! மலையும் மரமும் நமக்குக் காசில்லாமல் கிடைத்திருக்கிறதே.

3. மனசமாதானம்: சவுல் எண்ணிப் பார்த்தான்

சவுல் யுத்தத்தில் ஜெயித்துத்தான் வந்தான். ஆனால் ஸ்திரீகளின் பாட்டில் தனக்கு எத்தனை, தாவீதுக்கு எத்தனை என்று எண்ணினான். அன்றோடு அவன் சந்தோஷம் போயிற்று. இன்றைக்கு நம் பிள்ளைகள் எண்ணுவது லைக். "அவளுக்கு முந்நூறு, எனக்குப் பன்னிரண்டுதான்" என்று ராத்திரி தூக்கம் கெட்டு அழுகிற மகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

தினமும் 3 மணி நேரத்துக்குமேல் சமூக ஊடகத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு மனநலப் பாதிப்பு வரும் ஆபத்து இரண்டு மடங்கு என்று 2023-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் எச்சரித்தார். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் இவற்றில் கணக்கு வைக்கவே சட்டம் தடை செய்கிறது.

பெற்றோரே, பிள்ளை சோர்ந்திருந்தால் திட்டாதிருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், ஜெபியுங்கள். மருத்துவ உதவி தேடுவது அவிசுவாசம் அல்ல. அரசின் டெலி-மானஸ் இலவச எண் 14416. எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

செய்ய வேண்டியது

தானியேல் கேட்டது 10 நாள் சோதனை. நாமும் 10 நாள் செய்து பார்ப்போம்.

* படிக்கும்போது போன் வேறு அறையில் இருக்கட்டும். ஒரே அறை வீடானால் பெட்டிக்குள் வையுங்கள்.
* ராத்திரி சாப்பாட்டிலிருந்து காலை ஜெபம்வரை ஒருவரும் போனைத் தொட வேண்டாம். அப்பா அம்மாவுக்கும் இது உண்டு. ஊழியக்காரனாகிய எனக்கும் உண்டு.
* தினமும் ஒரு வயதானவரையோ வியாதியஸ்தரையோ பிள்ளைகள் நேரில் போய்ப் பார்க்கட்டும்.

பத்தாம் நாள் உங்கள் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். மாற்றம் கண்டவர்கள் வாலிபர் கூடுகையில் சாட்சி சொல்லுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளுக்குத் தானியேலின் தீர்மானத்தையும், சமாரியனின் இரக்கத்தையும், உம்முடைய சமாதானத்தையும் தாரும். ஆமென்.