பகடையும் கதையும்

பரமபதப் பலகையில் காய் நகர்த்துபவர் முடிவெடுக்க வேண்டியது எதுவும் இல்லை. பகடை காட்டும் எண்ணின்படி காய் நகரும். ஏணி வந்தால் ஏறும். பாம்பு வந்தால் இறங்கும். அங்கே பகடையே அரசன். அப்பகடையோடு ஆடுவோரின் சிந்தனையும் பேச்சும் சேர்ந்தால் வேறொரு விளையாட்டுப் பிறக்கும். அதுவே பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு.

இவ்வகையில் முதன்முதலில் புகழ்பெற்றது 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பதாகும். அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கிய அவ்விளையாட்டு 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு முன்னர், பொம்மைப் படைகளை மேசைமீது நிறுத்திப் போர் விளையாடும் வழக்கம் இருந்தது. அதில் ஒருவர் ஒரு படையையே நடத்துவார். புதிய விளையாட்டிலோ ஒவ்வொருவரும் கதையில் வரும் ஒரு மாந்தராக மாறினர். ஒருவர் மட்டும் கதை நடத்துநராக அமர்ந்து, இடத்தையும் நிகழ்ச்சியையும் விவரிப்பார். தத்தம் பாத்திரம் என்ன செய்யும் என்பதை மற்றவர்கள் கூறுவர். அச்செயல் கைகூடுமா என்ற ஐயம் எழும்போது மட்டுமே பகடை உருளும்.

இத்தகைய விளையாட்டைச் சிறுவர்க்கென அமைப்பது எவ்வாறு? முதலில், விதிகள் ஒரே தாளில் அடங்க வேண்டும். நான்கு சிறுவர், ஒரு கதை நடத்துநர், இரண்டு பகடைகள், சில அட்டைகள் இருந்தால் போதும். அடுத்து, கதைக்குத் தெளிவான குறிக்கோள் வேண்டும். புது தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் தமிழ்நாடு விரைவு வண்டியைக் களமாகக் கொள்வோம். அதில் பயணம் செய்யும் பாட்டி ஒருவரின் மூக்குக் கண்ணாடி காணாமற்போகிறது. வண்டி சென்னையை அடைவதற்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒவ்வொரு சிறுவரும் தம் பாத்திரத்தின் பெயரையும் ஒரு தனித்திறனையும் அட்டையில் எழுதுவர். கூர்ந்து நோக்குதல், கைத்திறன், அன்பாகப் பேசுதல், பலமொழி அறிதல் என அத்திறன்கள் அமையலாம். போபால், நாகபுரி, விஜயவாடா வழியாகச் செல்லும் வண்டியில் பலமொழி அறிந்தவரே பெரிய வீரர்!

பகடையில் 3 அல்லது அதற்கு மேற்பட்ட எண் விழுந்தால் முயற்சி வெற்றி பெறும். ஆறு முகங்களில் நான்கு வெற்றி தருவன. தனித்திறனைப் பயன்படுத்துவோர் இரு பகடைகளையும் உருட்டலாம். அவற்றுள் ஒன்றில் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தாலே போதும். அப்போது 36 வாய்ப்புகளில் 32 வெற்றியாகும்.

தோல்வி நேர்ந்தால் என்ன செய்வது? சிறுவர் விளையாட்டின் உயிர்நாடி இவ்வினாவிலேயே உள்ளது. தோற்றவரை வெளியேற்றினால், அவர் பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு வாடியிருப்பார். ஆகவே, தோல்வி கதையை முடிக்கக் கூடாது, திருப்ப வேண்டும். தேநீர் விற்பவரிடம் ஒரு சிறுமி இந்தியில் விசாரிக்கிறாள். பகடைகளில் 1, 2 விழுகின்றன. அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஆயினும், "அடுத்த பெட்டியில் ஒரு குழந்தை எதையோ கண்ணில் மாட்டி விளையாடுகிறது" என்கிறார். தேடல் புதிய பெட்டிக்குள் நுழைகிறது.

கதை நடத்துநர் ஒவ்வொருவரிடமும் முறையாக, "நீ என்ன செய்கிறாய்?" என்று வினவ வேண்டும். உரக்கப் பேசுவோர் மட்டுமே ஆடுவது முறையன்று. தமிழ்ச்சொல் நினைவுக்கு வராமல் ஒருவர் தயங்கினால், தோழர் எடுத்துக்கொடுக்கலாம். மேசை நடுவில் ஓர் அட்டையும் இருக்க வேண்டும். அச்சமோ வருத்தமோ தோன்றினால், யாரும் அதைத் தொடலாம். உடனே, காரணம் கேட்காமல் கதையை வேறு வழியில் செலுத்த வேண்டும்.

கண்ணாடி கிடைத்ததும் பாட்டி நால்வரையும் பார்த்துச் சிரிக்கிறார். அங்கே வென்றவர் ஒருவர், தோற்றவர் மூவர் என்பதில்லை. கதையைக் கட்டியவர் அனைவருமே வென்றவர்.

பொருள் அறிக
மாந்தர் – மனிதர்
களம் – நிகழ்ச்சி நடைபெறும் இடம்
ஐயம் – சந்தேகம்
கைகூடும் – நிறைவேறும்
உயிர்நாடி – மிக இன்றியமையாத பகுதி

விடை எழுதுக
1. பரமபதத்திற்கும் கதை விளையாட்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கதை நடத்துநரின் பணிகள் யாவை?
3. தோல்வி கதையை முடிக்கக் கூடாது என்பது ஏன்?
4. ஒரு பகடையில் 5 அல்லது 6 விழுந்தால்தான் வெற்றி என விதியை மாற்றினால், ஆறு முகங்களில் எத்தனை வெற்றி தரும்? அவ்விதி சிறுவர்க்கு ஏற்றதா? காரணம் கூறுக.

செய்து பார்க்க
நால்வராகக் கூடி, நீங்கள் வாழும் ஊரைக் களமாகக் கொண்டு ஒரு கதை விளையாட்டை அமைக்க. அதன் விதிகளைத் தமிழில் ஒரு பக்க அளவில் எழுதி, வகுப்பில் ஆடிக் காட்டுக.