மாந்தோலில் டீசல் ஊறுமா?

ஜூன் பிறந்தால் கார்வேட்டிநகரம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து பெங்களூரா மாங்காய் டிராக்டர் டிராக்டராகச் சித்தூர் கூழ் ஆலைகளுக்குப் போகும். கூழ் டின்னில் அடைபடும். தோலும் கொட்டையும் ஆலைக்கு வெளியே குவிந்து, புளித்து, நுரைக்கும். 2025இல் விலை சரிந்தபோது ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று அறிவித்துத் தாங்கிப்பிடிக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ‘கழிவிலிருந்து டீசல்’ என்று யார் சொன்னாலும் விவசாயி காது கொடுப்பார். அவர் பணம் போடுவதற்கு முன் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

தோலைத் தொட்டியில் கொட்டி நுண்ணுயிரைக் கலந்தால் டீசல் ஊறும் என்பது முதல் நம்பிக்கை. ஊறாது. மூடிய தொட்டியில் காற்றில்லாமல் மட்கும் கழிவு தருவது மீத்தேன் கலந்த எரிவாயு. சாண எரிவாயுக் கலனில் வருவதும் அதுதான். பயோடீசல் வேறு. எண்ணெயையோ கொழுப்பையோ மெத்தனாலோடு வினைபுரியவைத்து, அடியில் தங்கும் கிளிசரினைப் பிரித்தெடுத்தால் மேலே நிற்கும் திரவம் அது.

ஆனால் எண்ணெயைத் தங்கள் உடலுக்குள்ளேயே சேர்த்துவைக்கும் ஈஸ்ட்டுகள் உண்டு. யாரோவியா லிப்போலிட்டிக்கா, லிப்போமைசிஸ் ஸ்டார்க்கி இரண்டும் ஆய்வாளர்களுக்கு நன்கு பழகியவை. சர்க்கரை தாராளமாக இருந்து நைட்ரஜன் தட்டுப்பாடானால் இவற்றால் பெருக முடியாது. தின்ற சர்க்கரையைக் கொழுப்பாக்கிப் பதுக்கத் தொடங்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லுக்குள் எண்ணெய்த் துளிகள் பருத்துக்கொண்டே போய் இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்வது தெரியும். உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகிவிடும் இனங்களும் இருக்கின்றன. உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் இது ஒன்று.

அப்படியானால் டன் கணக்கில் தோல் இருக்கிறதே என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். 100 கிலோ சர்க்கரையிலிருந்து ஏட்டளவில் 32 கிலோ எண்ணெய் கிடைக்கலாம். நன்றாக நடக்கும் ஆய்வகத்தில் 20 கிலோ வந்தாலே பெரிது. பச்சைத் தோலில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். ஒரு டன் தோலில் 100 கிலோ சர்க்கரை கிடைப்பதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், பயோடீசல் இருபது லிட்டரைச் சற்றே தாண்டும். அதற்குள் கழிவைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், நாள்கணக்கில் காற்றை ஊத வேண்டும், ஈஸ்ட்டின் தடித்த சுவரை உடைத்து எண்ணெயை எடுக்க வேண்டும். மின்சாரச் செலவே மிச்சத்தை விழுங்கிவிடும். அறிவியல் பொய்யில்லை, சித்தூர்த் தோலுக்கு இன்றைக்கு அது கட்டுப்படியாகாது.

தோலுக்குப் பொருத்தமான வழி எரிவாயுக் கலன்தான். பழக்கழிவை மட்டும் போட்டால் புளிப்பு ஏறி, வாயு தரும் நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகும். சாணத்தோடு கலந்து போட வேண்டும். கொட்டை வேறு கதை. உள்ளே இருக்கும் பருப்பின் கொழுப்பை ஐரோப்பிய ஒன்றியம் சாக்லேட்டில் சேர்க்க அனுமதித்திருக்கிறது. அதை டீசலாக எரிப்பது நஷ்டம்.

இதெல்லாம் மூலிகை பெட்ரோல் மாதிரி ஏமாற்று என்று ஒரேயடியாக ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறு. 1996இல் பரபரப்பான அந்த விவகாரத்தில், பெட்ரோலியப் பொருள்களைக் கலந்து மூலிகை எரிபொருள் என்று விற்றதாக வழக்கு நடந்தது. 2016இல் சென்னை நீதிமன்றம் அதை விற்ற ராமர் பிள்ளைக்குச் சிறைத்தண்டனை விதித்தது. ஈஸ்ட்டின் எண்ணெயோ எந்த ஆய்வகத்திலும் திரும்பச் செய்து, எடைபோட்டுப் பார்க்கக்கூடியது.

இந்தியாவில் பயோடீசலுக்கு இப்போதே கைக்கு எட்டும் மூலப்பொருள் வறுத்துப் பழசான எண்ணெய். வறுக்க வறுக்கக் கூடும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு விதி 2018 ஜூலையில் அமலுக்கு வந்தது. அந்த எண்ணெயைத் திரட்டிப் பயோடீசலாக்கும் திட்டமும் அதே ஆண்டு தொடங்கியது. பழைய எண்ணெயை வடிகட்டி நேரே டிராக்டரில் ஊற்றலாம் என்கிறார்கள் சிலர். 1900 பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மை. ஆனால் இன்றைய எஞ்சினின் இன்ஜெக்டரில் அந்தக் கெட்டியான எண்ணெய் கரியாகப் படிந்து அடைக்கும். மெத்தனாலோடு வினைபுரிந்த பிறகுதான் அது இளகும். பழைய எண்ணெயில் கொழுப்பமிலம் மிகுந்திருந்தால் வினையைத் தூண்டக் காரம் சேர்த்ததும் சோப்பாகிவிடும். அங்கே காரத்துக்குப் பதிலாக, நுண்ணுயிர்கள் சுரக்கும் லைபேஸ் நொதியைப் போட்டுச் சோப்பில்லாமலே பயோடீசல் எடுக்கிறார்கள்.