கோட்டுக்குக் கீழே நிற்கும் சுரம்

உடன்குடி என்றால் கருப்பட்டி. ஆனால் இங்கிருந்து மெஞ்ஞானபுரம் வரை உள்ள ஆலயங்களின் பாடகர் குழுக்களில் கிதார் பிடித்த பையன்களும் இருக்கிறார்கள். செல்போனில் கார்டுகளைப் பார்த்து வாசிக்கும்போது ‘ஜி/பி’ என்று வந்தால் கை தடுமாறும்.

நம்பிக்கை: சாய்கோடு என்றால் ‘அல்லது’. ஜி வாசிக்கலாம், இல்லையென்றால் பி.

உண்மை: இப்படி நினைத்து நானே ஒரு ஞாயிறு ஆராதனையில் பி மேஜரை அடித்திருக்கிறேன். பாட்டோ சி மேஜர். பி மேஜரில் வரும் டி ஷார்ப்பும் எஃப் ஷார்ப்பும் அதற்கு அந்நியம். ஆர்கன் வாசித்த அண்ணாச்சி திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. கோட்டுக்கு முன்னால் இருப்பது கார்ட். பின்னால் இருப்பது அதன் அடியில் ஒலிக்கவேண்டிய ஒற்றைச் சுரம். ஜி/பிக்கு, ஐந்தாம் கம்பியில் இரண்டாம் ஃபிரெட்டை அழுத்துங்கள், அதுதான் பி. அதே விரலின் நுனி ஆறாம் கம்பியை லேசாகத் தொட்டு ஊமையாக்கட்டும். நான்காம், மூன்றாம் கம்பிகளை அழுத்தாமல் திறந்தபடி ஒலிக்கவிடுங்கள். இரண்டாவதிலும் முதலாவதிலும் மூன்றாம் ஃபிரெட். இனி சி, ஜி/பி, ஏ மைனர் என்று வரிசையாக வாசியுங்கள். ஐந்தாம் கம்பியில் 3, 2, 0 என்று சுரம் படியிறங்குவது கேட்கும். கோடு போட்டதே அதற்காகத்தான்.

நம்பிக்கை: பேஸ் கிதார்காரர் பக்கத்தில் இருந்தால் நமக்குக் கீழ்ச்சுரக் கவலை இல்லை.

உண்மை: பாதி சரி. அவர் பி வாசிக்கும்போது நீங்கள் ஆறாம் கம்பியில் ஜியை முழக்கினால் அவர் பாடு வீண். மெல்லிய நான்கு கம்பிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: கீழ்ச்சுரம் கோட்டுக்கு முன்னால் உள்ள கார்டுக்குள் இருப்பதாகத்தான் இருக்கும்.

உண்மை: எஃப்/ஜியைப் பாருங்கள். எஃப் கார்டின் சுரங்கள் எஃப், ஏ, சி. இதில் ஜி எங்கே?

நம்பிக்கை: சாய்கோடு போட்ட இந்த ‘ஸ்லாஷ் கார்ட்’ சினிமாக்காரர்கள் கொண்டுவந்த புதுச் சமாச்சாரம்.

உண்மை: சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இளையராஜா, அடிச்சுரத்தைத் தனிப் பாட்டாகவே நடக்கவிட்டவர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வெகு முன்பே, கோடு போடாத ஸ்லாஷ் கார்டுகள் நம் ஆலயங்களில் ஒலித்துக்கொண்டிருந்தன. பாமாலையை சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என நான்கு குரலில் பாடும்போது, மேல்குரல்கள் சியிலும் ஜியிலும் நிற்க, பேஸ் பாடும் அண்ணாச்சிமார் இயைப் பிடித்தால் அது சி/இ. பெயர் தெரியாமலே ஞாயிறுதோறும் பாடிவிட்டுப் போகிறார்கள். அடுத்த வாரம் கிதாரைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒரு பாமாலை முடியும்வரை அவர்கள் வரிசைக்குப் பக்கத்தில் நின்று கேளுங்கள்.