ஆங்கிலத்தில் பொருளணுகிய சொற்கள்

ஆங்கில பாஷையைப் பயிலும் மாணாக்கர் பலர், ஒவ்வோர் ஆங்கிலப் பதத்திற்கும் நேரான ஒரு தமிழ்ப் பதத்தை மனனஞ் செய்துகொண்டால் அப்பாஷை கைவந்துவிடும் என்று எண்ணுகின்றனர். அம்முறை தொடக்கத்தில் உதவுவதே. நாளடைவில் அதுவே தடையாகின்றது. ஏனெனில், நம் மொழியில் ஒரு சொல் ஆளும் இடத்தை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்கள் தம்முட் பங்கிட்டுக்கொண்டு நிற்றலுண்டு. ஒன்றற்குரிய இடத்தில் மற்றொன்றை நிறுத்தினால், இலக்கணம் வழுவாதிருப்பினும் கருத்து வழுவிவிடும். இதனைச் சில சொற்கொண்டு விளக்குவாம்.

முதலாவது, 'கேள்' என்னும் வினையை நோக்குவோம். வினாவுதல், செவியில் ஒலி படுதல், மனம் வைத்துச் செவிசாய்த்தல் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும். ஆங்கிலேயர் இவற்றை முறையே 'ஆஸ்க்', 'ஹியர்', 'லிஸன்' என்று பகுப்பர். தெருவிற் செல்லும் வண்டியின் ஓசை நாம் விரும்பாமலே செவியிற் படும், அது 'ஹியர்'. ஆசிரியர் உரைக்கு நாமே மனமுவந்து செவிகொடுத்தல் வேண்டும், அது 'லிஸன்'. வகுப்பில் முன்னதை மட்டும் செய்துவிட்டுப் பின்னதையும் செய்ததாக எண்ணுவோர் எக்காலத்தும் உளர்.

இரண்டாவது, 'மறுத்தல்'. ஒரு கூற்றை உண்மையன்று என்பது 'டினை'. ஒரு செயலுக்கு இசையாமை 'ரெப்யூஸ்'. பத்திரத்திற் கையெழுத்திட மறுத்தவன் அப்பொழுது கையெழுத்திடவில்லை. கையெழுத்திட்டதை மறுத்தவனோ உண்மையில் இட்டும் இருக்கலாம். இவ்வேறுபாட்டைத் தமிழில் 'மறு' என்பதற்கு முன்வரும் சொல்லின் வடிவம் காட்டிவிடும். ஆங்கிலத்திலோ வினையே வேறாதல் வேண்டும். எனினும், ஒருவர்க்கு உரியதைக் கொடாது விடுதலையும் 'டினை' குறிக்குமாதலின், சூழநிற்கும் சொற்களையும் நோக்கியே பொருள் கொள்ளுதல் தகும்.

மூன்றாவது, 'ஸ்டீல்', 'ராப்' என்பன. கவரப்பட்ட பொருளை முன்னது செயப்படுபொருளாகக் கொள்ளும். இழந்த ஆளையோ இடத்தையோ பின்னது கொள்ளும். ஆகவே பணத்தை 'ஸ்டீல்' செய்வர். வணிகனை 'ராப்' செய்வர். இவற்றோடு இயைந்த 'தெப்ட்', 'ராபரி' என்னும் பெயர்கள் சட்டத்தில் வெவ்வேறு குற்றங்களாம். உடைமையாளர் இசைவின்றி நேர்மையற்ற கருத்தோடு பொருளைக் கவர்தல் முன்னது. வன்செயலோ உடனடி அச்சுறுத்தலோ கலந்தது பின்னது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் இவ்வேறுபாட்டைக் கொண்டிருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வழங்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் அதனைப் போற்றுகின்றது. முன்னதற்கு முதன்முறை 3 ஆண்டுவரையும், பின்னதற்கு 10 ஆண்டுவரையும் சிறை விதிக்கலாம். மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல்லைப் பிறழ எழுதினால் அதனால் விளையுங் கேட்டை இதனால் உணர்க.

நான்காவது, 'டிஸின்டரெஸ்டெட்', 'அனின்டரெஸ்டெட்' என்பன. தன்னலங் கருதாது நடுநிற்பவன் முதற்சொல்லுக்குரியான். அக்கறையே இல்லாதவன் இரண்டாஞ் சொல்லுக்குரியான். இவற்றைக் கலந்து வழங்குவாரும் உளர். ஆயினும் நல்லெழுத்தாளர் பிரித்தே வழங்குவர். நீதிபதி முன்னவராய் இருத்தல் வேண்டும்; பின்னவராயின் வழக்காடுவோர் கதி என்னாம்?

இத்தகைய இணைச்சொற்கள் ஆங்கிலத்திற் பல்கியதற்குச் சரித்திரமும் ஒரு காரணம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சுச் சொற்கள் அரசவையிலும் நீதிமன்றத்திலும் புகுந்தன. பழைய ஆங்கிலச் சொற்களும் வழக்கொழியாமல் அவற்றருகே நின்றன. தொடங்குதலைக் குறிக்கும் 'பிகின்' ஆங்கிலத்தின் பழஞ்சொல். 'கமென்ஸ்' பிரெஞ்சிலிருந்து வந்தது. முன்னது வீட்டுப் பேச்சிற்கும் பொருந்தும். பின்னது சடங்கிற்கும் சட்டத்திற்கும் ஏற்ற மிடுக்குடையது.

இவற்றால் நம் மொழி நுட்பத்திற் குறைந்ததென்று கொள்ளற்க. இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் என்னும் மூவர் கூற்றிற்கும் முறையே 'ஈ', 'தா', 'கொடு' என்னும் மூன்று சொற்களைத் தொல்காப்பியர் வகுத்தார். ஆங்கிலத்தில் மூன்றற்கும் 'கிவ்' ஒன்றே போதும். முன்னிலையாரை உளப்படுத்தும் 'நாம்', அவரை நீக்கும் 'நாங்கள்' என்னும் இரண்டையும் 'வீ' என்னும் ஒரு சொல்லே சுமக்கின்றது. ஆங்காங்கே வாழும் மக்கள் தத்தம் வழக்கிற்கேற்ப மொழியை வெவ்வேறிடத்தில் வரம்பு கட்டியுள்ளனர் என்பதே உண்மை.

ஆதலால் மாணாக்கர், சொல்லைத் தனியே கல்லாது வாக்கியத்தோடு கற்பாராக. அது எவ்வினையோடு சேர்கின்றது, எதனைச் செயப்படுபொருளாக ஏற்கின்றது, அதற்கு எதிர்ச்சொல் யாது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பி, நல்லாசிரியர் நூல்களில் விடை காண்பாராக. இங்ஙனம் நாளொன்றுக்கு ஓரிணைச் சொற்களை ஆராய்ந்துவரின், ஆங்கிலத்திற் பிழையின்றி எழுதலாம். தாய்மொழியின் நுண்மையும் தானே புலனாகும்.