குறை சொல்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: மொபைல் ஆப் வடிவமைப்புத் துறையில் இருக்கிறேன். "புது டிசைன் பிடிக்கவே இல்லை" என்று வரும் விமர்சனங்கள் மனதைச் சோர்வடையச் செய்கின்றன. இவற்றைப் பொருட்படுத்தத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: கட்டாயம் பொருட்படுத்துங்கள். "சூப்பர்" என்ற பாராட்டு மகிழ்ச்சி தரும். அடுத்து எதைத் திருத்துவது என்று சொல்லாது. குறை சொல்பவரோ, தான் தடுக்கி விழுந்த இடத்தைக் காட்டுகிறார். வாய் திறக்காமல் ஆப்பை நீக்கிவிட்டுப் போகிறவரிடம் நாம் எதையும் கற்க முடியாது.

ஆனால், குறையைச் சரியாகப் படிக்க வேண்டும். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல், பல ஆண்டுகளாகத் திரையின் இடது கீழ் மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டனை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. பயனர்கள் கொதித்தார்கள். 2013-இல் 8.1 பதிப்பில் பட்டன் திரும்பியது. அதை அழுத்தினாலோ, பழைய மெனுவுக்குப் பதில் திரை முழுவதும் கட்டங்கள்தான் வந்தன. முணுமுணுப்பு ஓயவில்லை. மக்கள் கேட்டது பட்டனை. அவர்களுக்கு இடைஞ்சலாக இருந்ததோ, செய்துகொண்டிருந்த வேலை கண்ணைவிட்டு மறைந்தது. 2015-இல் வந்த விண்டோஸ் 10 மெனுவையே மூலைக்குக் கொண்டுவந்தது.

எனவே, குறை சொல்பவரிடம் "எப்படி மாற்றலாம்?" என்று கேட்காதீர்கள். "என்ன செய்ய முயன்றீர்கள், எந்த இடத்தில் சிக்கியது?" என்று கேளுங்கள். முடிந்தால் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, குறுக்கிடாமல், விரல் எங்கே தயங்குகிறது என்று கவனியுங்கள். நான்கைந்து பேர் ஒரே இடத்தில் தயங்கினால் அந்தத் திரையைத் திருத்துங்கள். திருத்தியதும், குறை சொன்னவருக்கே முதலில் காட்டுங்கள்.