நான்கு இதழ் மஞ்சள் பூ

கேள்வி: பீடோங் தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால், கால்வாயோரம் சின்ன மஞ்சள் பூச்செடி முளைத்திருக்கிறது. நான்கு இதழ். நாய்க்கடுகு என்கிறார் அம்மா. சரியா?

பதில்: இதழை வைத்து முடிவுகட்ட முடியாது, நாய்க்கடுகுக்கும் அதைப் போன்ற ரோரிப்பா இண்டிகாவுக்கும் நான்குதான். இலையைத் தடவிப் பாருங்கள். நாய்க்கடுகு பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். ஒரே காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் விரல்போல் விரிந்திருக்கும். கேசரங்கள் பத்துக்கும் மேல். அது கடுகுக்கு உறவுதான், ஆனால் வேளைக் குடும்பம்.

ஒட்டாமல், அடியிலை முள்ளங்கி இலைபோல் வெட்டுப்பட்டிருந்தால் அது ரோரிப்பா இண்டிகா. ஆசியாவுக்கே சொந்தமான அசல் கடுகுக் குடும்பத்துச் செடி. ஈரமண்ணில் விரும்பி வளரும். அதன் பூவில் கேசரம் ஆறு: நான்கு நெட்டை, இரண்டு குட்டை. முற்றிய காயைப் பிளந்தால் நடுவில் மெல்லிய சவ்வு தெரியும். நாய்க்கடுகுக் காயில் அது கிடையாது.

எதுவானாலும் கீரையென்று பறித்துச் சமைத்துவிடாதீர்கள். பால்மரக் காட்டிலும் செம்பனையிலும் களைக்கொல்லி அடிக்கிறார்கள். மழையில் அது கால்வாய்க்குத்தான் வரும்.