என்ஜின் ஆயிலில் கூலன்ட் கலந்துவிட்டதா? பழைய கார் வைத்திருப்போருக்குச் சில குறிப்புகள்

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுபோனது. ஆனாலும் அந்த வண்டிகளும், அதே வயதுள்ள வேறு பல கார்களும் இன்னும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட வண்டியில் ஆயில் மூடியைத் திறந்ததும் வெள்ளையாக எதையாவது பார்த்துவிட்டால், உடனே "ஹெட் கேஸ்கட் போச்சு" என்று சொல்லி என்ஜினைப் பிரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்குமுன் செய்யவேண்டிய சோதனைகள் பல உண்டு. சிலவற்றுக்குக் காசே தேவையில்லை.

1. மூடியில் இருப்பதை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். மூடியின் உட்புறத்தில் மட்டும் வெண்ணிறப் பசை ஒட்டியிருந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் வழக்கமான நிறத்தில் இருந்தால், அது பெரும்பாலும் காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்ததுதான். டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

2. அந்த ஈரம் ஏன் படிகிறது? தினமும் கடைத்தெரு வரை மட்டும் போய்வரும் வண்டியில் என்ஜின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. உள்ளே உண்டாகும் நீராவி வெளியேறாமல் மூடியில் படிகிறது. மழைக்காலத்திலும் ஊட்டி, கொடைக்கானல் பக்கத்திலும் இது அதிகம். இன்னொரு காரணமும் உண்டு. வண்டி சூடாகிறது என்று சொன்னால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அது இல்லாத என்ஜின் போதிய சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும். ஆயிலில் ஈரம் தங்கும். முதலில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள். மூடியைத் துடைத்துவிட்டு, நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். பசை மறுபடி வராவிட்டால் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது.

3. வண்டி வெள்ளத்தில் நின்றதா என்பதையும் யோசியுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. வெள்ளநீர் உள்ளே புகுந்தாலும் ஆயில் வெளுக்கும். ஆனால் கூலன்ட் அளவு குறைந்திருக்காது. பழைய வண்டி வாங்கப்போகிறவர்கள் சீட்டுக்கு அடியிலும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் வண்டல் தெரிகிறதா என்று பார்ப்பது நல்லது.

4. டிப்ஸ்டிக்கிலேயே வெளுத்திருந்தால் என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். "பட்டறை வரைக்கும் மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்" என்பது ஆபத்தான எண்ணம். கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகள் மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் சுழல்கின்றன. கூலன்ட்டில் உள்ள கிளைகால் கலந்ததும் அந்தப் படலம் வலுவிழக்கிறது. பேரிங் தேய்ந்தால் கேஸ்கட் செலவு முழு என்ஜின் செலவாகிவிடும். சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால், செல்ஃப் அடிக்கும்போது கனெக்டிங் ராடே வளைந்துபோகக்கூடும். தள்ளியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

5. இரண்டு அளவுகளைச் சேர்த்துப் பாருங்கள். கூலன்ட் குறைந்துகொண்டே வந்து, ஆயில் ஊற்றாமலேயே டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்தால், கூலன்ட் ஆயிலுக்குள் போகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. கூலன்ட் மட்டும் குறைந்து ஆயில் அப்படியே இருந்தால் ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவற்றில் கசிவைத் தேடுங்கள். காலையில் வண்டி நின்ற இடத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ ஈரத்தடம் இருந்தால் கசிவு வெளியில்தான்.

6. சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி தளர்ந்த நொடியில் கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். கையால் தொடும்போது சூடே தெரியாத நிலைக்கு என்ஜின் ஆறட்டும்.

7. சொட்டுச் சோதனை: ஒரு பழைய எவர்சில்வர் கரண்டியைச் சூடாக்கி, டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு துளி ஆயிலை அதில் விடுங்கள். சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் புகையும். தண்ணீர் கலந்த ஆயில் படபடவென்று வெடித்துத் தெறிக்கும். கண்ணாடி அணிந்துகொண்டு திறந்தவெளியில் செய்யுங்கள். அந்தக் கரண்டியை மறுபடி சமையலுக்குப் பயன்படுத்தாதீர்கள், கூலன்ட் நஞ்சு.

8. வண்டியை ஓர் இரவு முழுக்க அசைக்காமல் நிறுத்திவையுங்கள். காலையில் சம்ப்பின் டிரெயின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். கூலன்ட் ஆயிலைவிடக் கனமானது, அடியில் இறங்கியிருக்கும். கறுப்பு ஆயிலுக்கு முன்னால் பச்சைத் தண்ணீர் வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் நன்றாகக் கலந்து குழம்பாகிப்போன ஆயில் இப்படிப் பிரிந்து நிற்காது. அதனால் தண்ணீர் வரவில்லை என்பதற்காக நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

9. இனி பட்டறையில் கேட்கவேண்டிய சோதனை பிரஷர் டெஸ்ட். கூலன்ட் ஆயிலுக்குப் போகும் வழி ஒன்றல்ல என்பதால் இது முக்கியம். என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் எழுதியுள்ள அளவுக்கு அழுத்தம் ஏற்றுவார்கள். பல கார்களில் அது 0.9 அல்லது 1.1 பார் என்றிருக்கும். அதற்குமேல் ஏற்றக்கூடாது. கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். முள் இறங்கி, வெளியில் எங்கும் ஈரம் இல்லையென்றால் கசிவு உள்ளேதான். டிரெயின் போல்ட்டைக் கழற்றிய துளையில் கூலன்ட் சொட்டினால் அது ஆயில் பக்கம் இறங்குகிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி என்ஜினைச் சுற்றும்போது ஏதாவது ஒரு துளையில் தண்ணீர் பீச்சினால் அந்தச் சிலிண்டருக்குள் போகிறது.

10. நீலத் திரவச் சோதனை ஒன்றும் உண்டு. ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை அந்தத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். சிலிண்டரில் எரிந்த புகை கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். இது சிலிண்டருக்கும் கூலன்ட்டுக்கும் இடையே உள்ள கசிவை மட்டுமே காட்டும். கேஸ்கட்டில் ஆயில் துளைக்கும் கூலன்ட் துளைக்கும் நடுவே மட்டும் கிழிசல் இருந்தால் திரவம் நீலமாகவேதான் இருக்கும். "டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல சார்" என்று சொன்னால், எந்த டெஸ்ட் என்று கேளுங்கள்.

11. பிளக்குகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தால், அந்தச் சிலிண்டரில் தண்ணீர் நீராவியாகி அதைக் கழுவியிருக்கிறது. கம்ப்ரஷன் பார்த்ததில் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டில் குறைவாக இருந்தால், அவற்றுக்கு இடையில் கேஸ்கட் எரிந்திருக்கலாம்.

12. உங்கள் வண்டி டீசலா? ஹெட்டைத் தொடும் முன் ஆயில் கூலரைப் பாருங்கள். பல டீசல் என்ஜின்களில் கூலன்ட்டே ஆயிலைக் குளிரவைக்கிறது. கூலரில் விரிசல் விட்டால், என்ஜின் ஓடும்போது அழுத்தம் அதிகமுள்ள ஆயில் கூலன்ட்டுக்குள் போகும். நிறுத்திய பிறகு ஆயில் அழுத்தம் பூஜ்யமாகி, கூலன்ட் ஆயிலுக்குள் இறங்கும். ரிசர்வ் டேங்கில் பிசுபிசுப்பு தெரிந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும். கூலர் மாற்றுவது ஹெட்டை இறக்குவதைவிடச் சுலபமான வேலை.

13. ஹெட்டைக் கழற்றியே ஆகவேண்டும் என்றானால், புது கேஸ்கட்டை மட்டும் போட்டு மூடிவிட விடாதீர்கள். பழைய கார்கள் பலவற்றில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். வண்டி ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் ஹெட் வளைந்துவிடும். நேர்விளிம்புப் பட்டையை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று நீளம், அகலம், மூலைவிட்டம் என எல்லாத் திசையிலும் பார்க்கச் சொல்லுங்கள். சிறிய ஹெட்டுகளுக்கு 0.05 மி.மீ. என்பது வழக்கமான எல்லை. அதைத் தாண்டினால் லேத்து பட்டறையில் ஃபேஸிங் செய்ய வேண்டும். அங்கேயே காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் மூழ்கவைத்து விரிசலும் பார்த்துவிடலாம். போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையில் முறுக்க வேண்டும்.

14. "லீக் ஸ்டாப்" பவுடரும் திரவமும் இதற்கு மருந்தல்ல. ரேடியேட்டர் குழாய்களை அடைத்து, அடுத்த சூடேறலுக்கு வழி செய்யும்.

15. வேலை முடிந்ததும் விலை குறைந்த மினரல் ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு வடியுங்கள். வடியும் ஆயிலில் வெளுப்பு இல்லாமல் போகும்வரை இதைத் திரும்பச் செய்த பிறகே நல்ல ஆயில் ஊற்றலாம்.

16. கேஸ்கட் போனதற்கு மூலகாரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டரில் உப்பு படிகிறது. பிறகு வண்டி சூடேறுகிறது. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டு, ஃபேன் சரியான நேரத்தில் சுற்றுகிறதா என்றும் பார்த்தால்தான் வேலை முடிந்தது என்று சொல்லலாம்.

17. வடித்த கூலன்ட்டைத் தட்டில் திறந்து வைக்காதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள். அது இனிப்பாக இருக்கும். நாய், பூனை நக்கிவிடும், குழந்தையும் வாயில் வைக்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் பழுதாகி உயிருக்கே ஆபத்து. பழைய ஆயிலோடு கலக்காமல், மூடியுள்ள தனிக் கேனில் ஊற்றி, கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் ஒப்படைத்துவிடுங்கள்.